ஒரு நாளைக்கு ஒரு பக்கம்

பட்டாளத்துச் சீட்டின்படி முனிவேல் பிறந்த வருஷம் 1919. மாதமும் தேதியும் அதில் இல்லை. பாகலூருக்கு மூன்று மைல் தள்ளி ஒரு கிராமம். அதில் கூலிக்காரர் தெரு. 1941-ல் பட்டாளத்தில் சேர்ந்து அஸ்ஸாமில் சாலை போட்டார். அங்கே ஒரு மதுரைக்காரரிடம் எழுத்துக் கற்றார். 1946-ல் ஊர் திரும்பியபோது அவருடைய தகரப் பெட்டியில் இரண்டு சட்டையும் பதினொரு புராணக் கதைப் புத்தகங்களும் இருந்தன. வேலை முடிந்து வந்ததும் தெருவில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பார். பாகலூர் பங்களாவில் மழைமானி பார்ப்பது அப்போது என் வேலை. அந்த வழியே போகும்போது நின்று கேட்டிருக்கிறேன். பிசகில்லாத படிப்பு.

1952 மே 3-ஆம் தேதி அந்தத் தெருக் கிணறு வற்றியது. பெண்கள் இரண்டேகால் மைல் நடந்து, குட்டையில் சேற்றை வடித்து எடுத்து வந்தார்கள். ஊருக்குள் நிலக்காரர் நாராயணப்பன் கிணற்றில் தண்ணீர் இருந்தது. அதன் பக்கம் அவர்கள் போகக் கூடாது. தீண்டாமை ஒழிந்தது என்று அரசியல் சட்டம் சொல்லி இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகியிருந்தது.

மழை வேண்டி, ஐவர் ஒளிந்து வாழ்ந்த ஓராண்டுக் கதையைக் கோயில் முன்னால் படிப்பது அந்த ஊர் வழக்கம். தொடங்கினால் முடிக்க வேண்டும். பாதியில் விட்டால், புத்தகம் இருக்கும் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். புத்தகம் நாராயணப்பன் வீட்டில் இருந்தது. அது தமிழ்ப் புத்தகம். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு, கையெழுத்துப் போடுவது கன்னடத்தில். வழக்கமாகப் படித்த வாத்தியார் இறந்துவிட்டார். தமிழை எழுத்துக் கூட்டாமல் படிக்க ஊரில் மிச்சமிருந்தவர் முனிவேல் ஒருவர்தான். ஆள் அனுப்பினார்கள்.

அவர் கூலி கேட்கவில்லை. "மழை பெய்யற வரைக்கும் எங்க தெரு உங்க கிணத்துல தண்ணி எடுக்கணும், சாமி," என்றார்.

இரண்டு நாள் யோசித்து நாராயணப்பன் ஒப்புக்கொண்டார். உச்சிக்குப் பிறகு, சொந்தக் குடம், சொந்தக் கயிறு.

மே 19, மாலை நாலரைக்குப் படிப்பு தொடங்கியது. படிக்கிறவர் புத்தகத்தைத் தொடக் கூடாதாம். நாராயணப்பனின் மைத்துனன் எல்லப்பன் கோயில் படியில் நின்று அதை விரித்துப் பிடித்தான். முனிவேல் ஐந்தடி தள்ளிப் புழுதியில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டிப் படித்தார். கதை கேட்டுப் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துடைத்த கையோடு, அவர் நிழல் படியில் விழுகிறதா என்றும் பார்த்துக்கொண்டார்கள்.

நடுவில் வெற்றிலை போடப் போய்வந்த எல்லப்பன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தான்.

"சாமி, ஐவரும் தலைகீழா நிக்கறாங்க."

"இருக்கறதப் படிடா."

"படிச்சா மழை கீழ இருந்து மேல போகுமுங்க."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. எல்லப்பன் திருப்பிப் பிடித்தான்.

மே 27 பிற்பகல் தூறல். மழைமானியில் நான்கு சென்ட், அதாவது அங்குலத்தில் நூற்றில் நான்கு பங்கு. புழுதிகூட அடங்கவில்லை. மறுநாள் கிணற்றைச் சுற்றி முள் வெட்டிப் போட்டிருந்தது. முனிவேல் என்னிடம் வந்து அளவைக் கேட்டார். எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அதைக் கொண்டுபோய் நாராயணப்பனிடம் படித்துக் காட்டினார்.

"நாலோ நாப்பதோ, நனைஞ்சுதா இல்லையா? கதையை முடிச்சுட்டுப் போ."

"தொண்டை கட்டிருச்சு, சாமி."

கதையில் ஐவரும் இன்னும் ஒளிந்துதான் இருந்தார்கள். அவர்களை அப்படியே வீட்டில் வைத்துக்கொள்ள நாராயணப்பனின் மனைவி சாந்தம்மாவுக்குப் பயம். இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. மே 30 காலையில் முள்ளை எடுத்தார்கள்.

கதை முடிந்த மறுநிமிஷம் முள் திரும்பி வரும் என்பது முனிவேலுக்குத் தெரியும். இருபத்தாறு பக்கம் பாக்கி இருந்தது. அன்று மாலை ஒரு பக்கம் படித்தார். கும்பிட்டு எழுந்தார்.

"என்னடா இது?" என்றான் எல்லப்பன்.

"ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் தொண்டை தாங்குதுங்க."

"ஒரு பக்கத்துக்கு நான் தினம் குளிச்சு வேட்டி மாத்தி வரணுமா?"

"ஐவரு ஒரு வருஷம் பொறுத்தாங்க, சாமி. நீங்க ஒரு மாசம் பொறுக்க மாட்டீங்களா?"

எல்லப்பன் தினமும் குளித்தான். தெருப் பெண்கள் தினமும் தண்ணீர் எடுத்தார்கள். பத்தொன்பது பக்கம் ஆகியிருந்தபோது, ஜூன் 18 அன்று இரண்டு அங்குலம் பதினைந்து சென்ட் பெய்தது. மறுநாள் முனிவேல் மீதி ஏழு பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்து ஐவரையும் வெளியே கொண்டுவந்தார்.

ஜூன் 20 காலை ஏழு மணிக்கு, தீட்டுக் கழிக்கிறோம் என்று நாராயணப்பன் வீட்டார் அந்தக் கிணற்றை இறைக்கத் தொடங்கினார்கள். முனிவேல் ஒரு தடவையும் தொடாத புத்தகத்தின்மேல் முதலில் மாட்டு மூத்திரம் தெளித்தார்கள். பிறகு இரண்டு ஜோடி மாட்டைப் பூட்டி, தோல் சாலில் நீர் இறைக்கும் கவலை ஓட்டினார்கள். வயலுக்கு ஆகாது என்று தண்ணீரைச் சந்தில் திருப்பிவிட்டார்கள். ஒரு மாதமாகக் குடம் குடமாகக் காவல் காத்த தண்ணீர் சாக்கடையோடு போயிற்று. இப்படியும் மனிதர்கள் உண்டா என்று நான் நின்று பார்த்தேன்.

முனிவேலின் மனைவி காவேரி குடத்தோடு வந்து, தண்ணீர் சந்துக்குத் திரும்பும் வாய்க்காலில் குனிந்தார்.

"தொடாதே, அது தீட்டுத் தண்ணி," என்று எல்லப்பன் மாட்டை நிறுத்தினான்.

"எங்க தீட்டு எங்களுக்கே ஆகாதுங்களா?" என்றார் கூட வந்திருந்த முனிவேல்.

எல்லப்பன் மாட்டை ஓட்டினான். காவேரி குடத்தை நீரோட்டத்தில் சாய்த்து வைத்தார். அவர் பின்னால் மற்றப் பெண்களும் குடங்களோடு வந்து நின்றார்கள். பதினொன்றரைக்கு மாடுகளை அவிழ்க்கும் வரை யாரும் நகரவில்லை.