கஸ்தூரி உட்காரக் கேட்ட இடம்

செய்தி வந்தபோது நான் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பஸ்ஸில் மாட்டிக்கொண்டிருந்தேன். கிடங்கிலிருந்து, கூட வேலை செய்யும் சாந்தி போன் செய்து, "சார், நம்ம கஸ்தூரி பூட்ச்சு" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை, அலுப்புதான் வந்தது. இந்த ஊரில் துக்க வீட்டுக்குப் போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரமாகிறது.

ராயபுரம் தானியக் கிடங்கில் நான் சரக்குப் பதியும் குமாஸ்தா. கிழிந்த மூட்டைகளைத் தைப்பது கஸ்தூரியின் வேலை. கோணி ஊசியும் கையுமாகப் பதினெட்டு வருஷம். கூட வேலை செய்தவர்களுக்கு அவருடைய வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வருஷம் கப்பல் ஏஜென்ட் ஒருவர் வெளிநாட்டுக் காலண்டர் கொடுத்தார். ஜூன் மாதத்துக்கு நானூறு, ஐந்நூறு வருஷப் பழைய இத்தாலிய ஓவியம். கோடை அறுவடை. நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள், தேவைக்கு மேல் நீண்ட கைகள், முறுக்கிய இடுப்புகள். ஒருத்தி நமக்கு முதுகைக் காட்டிக் குனிந்து கதிர் கட்டுகிறாள். ஒருவன் ஆட்டை மடியில் சாய்த்துக் கத்தரிக்கோல் பிடித்திருக்கிறான். நடுவில் நாலு பேர் உட்கார்ந்து ரொட்டி தின்கிறார்கள்.

"இன்னா சார், ஆட்ட அறுக்கறான், ரத்தத்தையே காணோம்?" என்றார் கஸ்தூரி.

"மயிர் கத்தரிக்கிறாங்கம்மா."

"அப்ப பொயச்சிக்கும்." அவருக்கு நிம்மதி. பிறகு கதிரைக் காட்டி என்ன பயிர் என்றார். கோதுமை என்றேன். "அட, இப்டித்தான் நிக்குமா? லாரில வெளையுதுன்னுல்ல நெனச்சினு இருந்தேன்!" என்று ஊசியோடு கையை ஆட்டிச் சிரித்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். காலண்டரின் பின்பக்கத்தில் படித்த தைரியத்தில், இந்தப் பாணிக்கு மேனரிசம் என்று பெயர், அழகுக்காக உடம்பை இப்படி இழுத்து வரைவார்கள் என்று விளக்கம் சொன்னேன். "அயகாவது ஒண்ணாவது! நாள் முச்சூடும் குனிஞ்சா இடுப்பு இப்டித்தான் இஸ்துக்கும். வரைஞ்சவனுக்குத் தெரிஞ்சிக்கீது" என்றார்.

அடுத்த வருஷம் புது மேனேஜர் வந்தார். மூட்டைமேல் பெண்கள் உட்காருவதால்தான் கிழிகிறது, இனி யாரும் உட்காரக் கூடாது என்றார். சோறும் நின்றபடிதான். கஸ்தூரி அந்த ஜூன் தாளை எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனார். "அந்தக் காலத்துலயே குந்திதான் துன்னுகிறாங்க. எங்களுக்கு ஒரு நெயலு, ஒரு பெஞ்சு குடு சார்."

பதிவேட்டோடு அங்கே நின்ற என்னை மேனேஜர் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

மூட்டை கிழிவது லோடுமேன்களின் கொக்கியால் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "பார்க்கலாம் சார்" என்றேன். சே! இன்று எழுதும்போதும் கூசுகிறது.

"சாரு பாத்துகினே இருப்பாரு" என்று சொல்லிவிட்டு கஸ்தூரி வெளியே போனார். மதியம் மூட்டை தைக்கும் பெண்கள் பதினொரு பேரும் கேட் நிழலில் வழியை மறித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். லாரிகள் நின்றன. நாலாவது நாள் தகரக் கொட்டகையும் இரண்டு பெஞ்சும் வந்தன. எனக்குப் 'பாத்துகினே சார்' என்ற பெயர் வந்தது.

அவர் உயிரோடு இருந்தபோது கடைசியாக எம்.கே.பி. நகரில் அவர் வீட்டுக்குப் போனேன். இடுப்பில் தலையணையை முட்டுக் கொடுத்துப் படுத்திருந்தார். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்றேன். "இப்ப எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? சொல்ற எடத்துல சொல்லு. குந்து, டீ சாப்டு" என்றார்.

காரியம் முடிந்த மறுநாள், கொட்டகையைப் பிரித்து அங்கே எடை மெஷின் வைக்கப் போவதாக மேனேஜர் சொன்னார். "என்ன, வெச்சிடலாம்ல?" என்றார்.

"கூடாது சார்" என்றேன். கஸ்தூரியிடமிருந்து எனக்குக் கிடைத்தது, சொல்ற எடத்துல சொன்ன அந்த ஒரு சொல்தான். வாசலில் நின்ற சாந்தி கேட்டாள். கேட்க வேண்டிய கஸ்தூரிதான் இல்லை.