இருபத்துநான்காவது நூல்

மடிப்பு அறையில் அவளுக்கு ‘எண்ணிக்கை அக்கா’ என்று பெயர். விண்வெளியிலிருந்து ஆட்களை இறக்கும் பாராசூட்டைப் பதினெட்டு வருடமாக மடிக்கிறாள். வீட்டுப் படிக்கட்டைக்கூட எண்ணித்தான் ஏறுவாள். புருஷனுக்கு அது தீராத கேலி.

மடிப்பு கலையாமலிருக்க இருபத்துநான்கு இடங்களில் சிவப்பு நூலால் கட்டுவார்கள். பைக்குள் திணிக்கும்முன் அத்தனையையும் வெட்டி, எண்ணி, கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பாராசூட் விரியாமல் போகலாம்.

நூறாவது பயணம் தரையிறங்கும் நாள். சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய டிவி, பலூன்கள், மேஜை நீளத்துக்குக் கேக். சுவரில் புதிதாக ஒரு கண்ணாடிச் சட்டம்: நூறாவது பாராசூட்டில் வெட்டிய நூல்கள், நினைவுக்காக. பழக்கதோஷத்தில் எண்ணினாள். இருபத்துமூன்று. மறுபடி எண்ணினாள். இருபத்துமூன்றேதான்.

அந்தப் பாராசூட்டை மடித்த அன்று, பாதி எண்ணும்போது போட்டோ எடுக்க அழைத்தார்கள். பயணம் போகும் மூவரில் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கள நம்பித்தான் போறோம்” என்றாள். அந்தப் பூரிப்பில் திரும்பி வந்தவள், எண்ணி முடித்ததாகவே நினைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

மேற்பார்வையாளரை ஓரமாக இழுத்துச் சொன்னாள். அவர் முகம் வெளிறியது.

“சட்டம் போட்டவன் ஒண்ணத் தொலைச்சிருப்பான்க்கா.”

“தொலைக்கலைன்னா?”

“இறங்க ஆரம்பிச்சாச்சு. இப்ப யாரால என்ன பண்ண முடியும்? பேசாம நில்லுங்க.”

நின்றாள். டிவியில் பாராசூட் வெளியே வந்தது; ஒரு பக்கம் மட்டும் சுருங்கியே நின்றது. ஒன்று, இரண்டு... ஏழு எண்ணியபோது படக்கென்று விரிந்தது. எல்லோரும் கூத்தாடினார்கள். யாரோ அவள் கையில் கேக்கைத் திணித்தார்கள். அவள் அதை மேஜையிலேயே வைத்துவிட்டு, சட்டத்திலிருந்த நூல்களை மறுபடி எண்ணினாள்.

இரண்டு வாரம் கழித்துப் பாராசூட் சோதனைக்கு வந்தது. பதினேழாவது கட்டு இருந்த மடிப்பில் அறுந்த சிவப்பு நூல், முடிச்சு அவிழாமல் கிடந்தது.

“அதான் பத்திரமா வந்துட்டாங்கள்ல, விட்டுடுங்க” என்றார் மேற்பார்வையாளர்.

அவள் விடவில்லை. தன் பழைய கையெழுத்தை அடித்து, ‘இருபத்துமூன்று’ என்று எழுதிக் கொடுத்தாள். மூன்று மாதம் மடிப்பு மேஜைப் பக்கமே அவளை விடவில்லை.

திரும்பி வந்து முதல் பாராசூட்டை மடித்து முடித்த அன்றும் போட்டோக்காரர்கள் வந்தார்கள். பயணம் போகிறவர் சிரித்தபடி கை நீட்டினார். வெட்டிய நூல்களை எண்ணிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“பதினேழு” என்றாள் சத்தமாக.