வேனுக்கு நான் செய்த மூக்கு

எங்கள் வேனின் காற்று வடிகட்டிப் பெட்டி உடைந்த நாளில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இதைச் சொன்னால் என் மனைவி இன்றைக்கும் சண்டைக்கு வருவாள். ஆனால் அதுதான் உண்மை. உடையாத சாமானைத் திறந்து பார்த்தால் கெடுக்கப் பார்க்கிறான் என்பார்கள். உடைந்துவிட்டால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

வேன் பழைய ஜப்பான் வேன், கார்புரேட்டர் வைத்தது. எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால் எல்லாமே கண் முன்னால். அந்தப் பிளாஸ்டிக் பெட்டி இரண்டாகப் பிளந்து கிடந்தது. பதுளை டவுனில் நாலு கடை ஏறி இறங்கினேன். "இந்த மாடலுக்கெல்லாம் இனிமே சாமான் வராதுங்க" என்று ஒரே பாட்டு. வராவிட்டால் போகட்டும், காற்று போக ஒரு வழிதானே, நானே செய்கிறேன் என்று திரும்பி வந்தேன்.

பெரிய பால்மா டின் ஒன்று, வேறொரு வண்டியின் வட்ட வடிகட்டி ஒன்று, இரண்டு அங்குல பிவிசி குழாய், இரண்டு வளைவுகள், ஒரு ரப்பர் குழாய், நாலு கிளிப். அவ்வளவுதான். டின்னுக்குள் வடிகட்டியை வைத்தேன். டின்னிலிருந்து ரப்பர் குழாய் கார்புரேட்டரின் வாய்க்குப் போனது. இந்தப் பக்கம் பிவிசி குழாயை வண்டியின் முன் கிரில் வரைக்கும் இழுத்துவிட்டேன். எஞ்சின் சூட்டில் வெந்த காற்றை விட வெளியிலிருந்து வரும் குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம், அதனால் வண்டிக்கு இழுவை கூடும் என்று போனில் பார்த்த வீடியோவில் ஒருவர் விளக்கியிருந்தார். அது சரியான பேச்சுத்தான். தப்பு அவர் மேல் இல்லை.

பழைய பெட்டியோடு சேர்ந்து ஓர் இரும்புக் குழாயும் கையோடு வந்தது. ஒன்றரை அடி இருக்கும். அதன் ஒரு முனை எஞ்சினின் புகைக்குழாய் மேல் இருந்த தகர மூடியில் செருகியிருந்தது, மறு முனை காற்றுப் பெட்டியில். சூடான இடத்திலிருந்து எதற்குக் காற்றை எடுக்கிறான், மடையன் என்று அந்த ஜப்பான்காரனை ஏசிவிட்டுக் குழாயைத் தூக்கி எறிந்தேன். என் மனைவி எடுத்துக் கழுவி, ஒரு முனையைத் தட்டிச் சுருக்கி, அடுப்பு ஊத வைத்துக்கொண்டாள்.

"இவரு வேனுக்கு மூக்கு வச்சிருக்காரு, நான் அடுப்புக்கு வாய் வச்சிருக்கேன்" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அதிலிருந்து நான் செய்ததற்கு மூக்கு என்றே பேராகிவிட்டது.

மூக்கு வைத்த வேனில்தான் மகளை அழைத்து வர மொனராகலைக்குப் போனோம். அவளைக் கட்டிக்கொடுத்த இடம் அது. வளைகாப்பு முடிந்து தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். அந்த வெயிலில் வண்டி ஓடிய ஓட்டத்தை என்னவென்று சொல்ல. மிதித்தால் உறுமியது. நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

அங்கே சம்பந்தியம்மாவுக்கு மனசில்லை. "ஆஸ்பத்திரி எங்க வீட்டுல இருந்து பத்து நிமிஷங்க. உங்க மலையில இருந்து எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். மகளுக்குப் பிரஷர் வேறு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் மகள், "எனக்கு அம்மா பக்கத்துல இருக்கணும்" என்று கண் கலங்கினாள். நான், "வேன் இருக்குங்க. கொண்டு போய்ச் சேர்க்கிறது என் பொறுப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். மாப்பிள்ளை மகளின் பையை எடுத்து வண்டியில் வைத்தார்.

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருக்கிற டிவிஷனிலிருந்து பதுளைக்குப் போக முதலில் மலை மேல் ஏற வேண்டும். உச்சியில் மாடசாமி கோயில் திருப்பம். அதைத் தாண்டினால் தெமோதரைக்கு இறக்கம், பிறகு ஹாலிஎல, பதுளை. ஐப்பசி மழை தொடங்கிய பிறகு காலையில் அந்த ஏற்றத்தில் மூடுபனி இறங்கி நிற்கும். முதல் தடவை மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனபோது, திருப்பத்துக்குக் கொஞ்சம் கீழே வண்டி இழுவை விட்டது, குலுங்கியது, நின்றது. சாவியைத் திருகினேன். அசையவில்லை.

மனைவி இறங்கினாள். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், சாமிய ஒரு கும்பிடு கும்பிட்டுப் போங்கன்னு" என்று ஏசிக்கொண்டே நடந்து போய்க் கற்பூரம் கொளுத்தி, திருநீறு எடுத்து, வண்டிக்கும் பூசிவிட்டு ஏறினாள். சாவியைத் திருகினேன். ஒரே உதையில் கிளம்பியது. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

அடுத்த வாரம் நானே அடிவாரத்தில் இறங்கி, மேலே கோயில் இருக்கும் திசையைக் கும்பிட்டுவிட்டுத்தான் அந்த ஏற்றத்தைத் தொடங்கினேன். அதே இடத்தில் நின்றது. மனைவி மறுபடி போய்க் கும்பிட்டு வந்தாள், கிளம்பியது. எனக்குப் பயத்தை விட யோசனைதான் அதிகமாக வந்தது. சாமி கோபக்காரர் என்றால் கும்பிட்டவனை ஏன் நிறுத்த வேண்டும்? அவள் கும்பிட்டு வர ஆகும் பத்து நிமிஷத்தில் வண்டிக்குள் ஏதோ நடக்கிறது. அது என்ன?

ஆனால் பின் சீட்டில் மகள் வயிற்றின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "அப்பா, நான் மொனராகலைக்கே போயிடவா?" என்று மெதுவாகக் கேட்டாள். என் யோசனையெல்லாம் அந்த இடத்திலேயே செத்தது. அவமானமாக இருந்தது.

தோட்டத்து மிட்வைஃப் அம்மா வேறு, "வலி கண்ட உடனே கிளம்பிடணும். இந்த ரோட்டுல ஆட்டோவுல குலுக்கிட்டுப் போகாதீங்க, படுக்க வச்சுக் கொண்டு போங்க" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விஷயம் மாப்பிள்ளையின் காதுக்குப் போனது. போனில், "மாமா, கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்" என்றார். நான் கோபப்பட்டேன். அவர் மேல் இல்லை.

பிளக் மாற்றினேன், பெட்ரோல் வடிகட்டி மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். வீட்டு வாசலில் கடிகாரம் மாதிரி ஓடியது. வியாழக்கிழமை விடிந்ததும் தனியாகக் கிளம்பினேன். பனி கண்ணை மறைத்தது. அதே இடத்தில் நின்றது. இந்தத் தடவை சாவியைத் தொடவில்லை. குதித்து இறங்கிச் சீட்டைத் தூக்கி, ரப்பர் குழாயைப் பிடுங்கி, கார்புரேட்டரின் தொண்டைக்குள் போன் வெளிச்சத்தை அடித்தேன்.

உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது. முதலில் உப்பு என்று நினைத்தேன். விரலை விட்டு நகத்தால் சுரண்டினேன். ஐஸ். கை வைக்க முடியாமல் கொதிக்கிற எஞ்சின், அதன் தொண்டையில் ஐஸ். நான் பார்க்கப் பார்க்க, கீழே இருந்து ஏறிய சூட்டில் அது உருகித் தண்ணீராகி உள்ளே வடிந்தது. ஏழெட்டு நிமிஷத்தில் ஒன்றுமே இல்லை. குழாயை மாட்டிச் சாவியைத் திருகினேன், கிளம்பியது.

அடுத்த லயத்தில் ஆட்டோ ஓட்டுகிற தம்பியிடம் சொன்னேன். "அண்ணே, அந்த ஐஸ்ல ஒரு கோப்பை எனக்கும் எடுத்து வைங்க, பழத்தைப் போட்டுச் சாப்பிடுவோம்" என்றான். போடா என்று திட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

என் வேலையைச் சொல்லவில்லையே. தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். நீளமான தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பிக் கீழிருந்து காற்றை ஊதிவிடுவோம். வெயில் நாளில் வெளிக்காற்றே போதும். மழை நாளில் அந்த ஈரக்காற்றுக்குக் கொழுந்து வாடாது. அன்றைக்குச் சூளைப் பக்கத்துக் கதவைத் திறந்து சுடுகாற்றைக் கலந்துவிட வேண்டும். அன்று மத்தியானம் டீமேக்கர் ஐயா கீழே இருந்து, "வெளிக்காத்து ஒரே ஈரம். சுடுகாத்துக் கதவைத் தொறந்துவிடு" என்று சத்தம் போட்டார். கதவின் பிடியில் கையை வைத்தேன். வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஈரக்காற்று. சுடுகாற்றுக் கதவு. கிளினிக்கில் ஊசி போடும் முன் கையில் தடவுகிற ஸ்பிரிட் ஜில்லென்று இருக்குமே, பெட்ரோலும் ஆவியாகும்போது அப்படித்தான் சூட்டை உறிஞ்சும். ஏற்கெனவே குளிர்ந்த, ஈரமான பனிக்காற்றை நான் மூக்கு வைத்து உள்ளே இழுத்து விட்டிருக்கிறேன். அந்த ஈரம் தொண்டையில் உறைகிறது. இது தெரிந்துதான் ஜப்பான்காரன் சூடான இடத்திலிருந்து ஒரு குழாய் வைத்திருந்தான். இருபது வருஷமாக மழைக்கு மழை இந்தக் கதவைத் திறக்கிறவன் நான். என் வண்டியில் இருந்த கதவை நானே பிடுங்கி எறிந்திருக்கிறேன். மடையன் யார் என்று தெரிந்துபோனது.

சாயங்காலம் நேராக அடுப்படிக்குப் போனேன். "அந்தக் குழாயைக் குடு."

"சோறு வேகணுமா வேணாமா?" என்றாள் மனைவி. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

அவள் சுருக்கிய முனையைத் தட்டி விரித்தேன். பால்மா டின்னில் இன்னொரு துளை போட்டு அதைச் செருகினேன். மறு முனை பழையபடி புகைக்குழாய் மூடிக்கு. இரண்டு வழிக்கும் நடுவில், டின்னுக்குள், தகரத்தில் ஒரு சின்னக் கதவு. பனி என்றால் சுடுகாற்றுப் பக்கம், வெயில் என்றால் குளிர்காற்றுப் பக்கம். எங்கள் மாடியில் இருக்கிற அதே கதவுதான், உள்ளங்கை அளவு.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாளே வந்து தங்கிவிட்ட மாப்பிள்ளையை விடியற்காலையில் எழுப்பி, பனிக்குள்ளே மூன்று தடவை அந்த ஏற்றத்தில் ஏற்றி இறக்கினேன். நிற்கவில்லை. கதவைக் குளிர்காற்றுப் பக்கம் திருப்பி நாலாவது தடவை ஏறினேன், நின்றது. அவர் சீட்டைத் தூக்கி ஐஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரிங்க மாமா" என்றார். தனியாகத்தான் ஊருக்குப் போனார்.

பன்னிரண்டு நாள் கழித்து, விடிகிற நேரம் மகளுக்கு வலி கண்டது. பின் சீட்டில் தாயின் மடியில் படுக்க வைத்துக் கிளம்பினோம். பாதை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. திருப்பம் நெருங்கியது. வேனின் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. மாடசாமி கோயில் மணி கண்ணில் பட்டது, கடந்தது, இறக்கம் வந்தது. அப்போதுதான் கண்ணாடியில் கவனித்தேன். பின்னால் பனிக்குள் ஒற்றை வெளிச்சம் ஒன்று, முந்தாமல், பிந்தாமல் வந்துகொண்டிருந்தது. யாரோ டவுனுக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் மகளை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பினால், எங்கள் ஆட்டோத் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான்.

"நீ எங்கடா இங்க?"

"உங்க மகதான் சொல்லிச்சு அண்ணே. வேன் கிளம்பினா நீங்களும் பின்னாலேயே வாங்கன்னு. ஒரு வாரமா போனைத் தலைமாட்டுலயே வச்சுப் படுக்கிறேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க வேனை நிறுத்திட்டுச் சண்டைக்கு வருவீங்கன்னும் அதுதான் சொல்லிச்சு."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. மாப்பிள்ளையே சரி என்று ஒத்துக்கொண்ட வண்டி. பெற்ற மகள் நம்பவில்லை. பத்து மணிக்குப் பேத்தி பிறந்தாள் என்று வந்து சொன்னபோதுகூட, சந்தோஷத்துக்குள் அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் பார்க்கிற நேரத்தில், பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்கிற ஆள் நான் இல்லை. "ஆட்டோவைப் பின்னால வரச் சொன்னியாமே. அப்பா மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?"

மகள் களைப்பாகச் சிரித்தாள். "வேனை நம்பலப்பா. உங்கள நம்பாமயா பத்து நிமிஷத்துல இருந்த ஆஸ்பத்திரிய விட்டுட்டு மலைக்கு வந்தேன்?"

குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன்.