என் ஊகத்தை நம்பியவள்

பெங்களூர் பொம்மனஹள்ளியில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் எங்கள் வீட்டில் மட்டும்தான் டிவி. வியாழக்கிழமை மாலையானால் பெண்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். அப்போது ஒரு தொடர் வந்தது. அதில் ஒருத்தி தான் பெற்ற குழந்தையைத் தூக்கவே மாட்டாள், தொட்டிலையே வெறித்துக்கொண்டிருப்பாள். ஏன் என்று ஆளுக்கொரு ஊகம் சொல்வோம். பேய் பிடித்திருக்கிறது என்பார் கன்னடக்கார ஓனரம்மா. ஆனால் என் ஊகத்துக்குத்தான் மவுசு. எனக்கும் அதில் பெருமை.

பக்கத்து வீட்டுச் செல்வி இரண்டு மாதக் கைக்குழந்தையோடு வருவாள். ஒவ்வொரு வாரமும், "அவளுக்கு அப்புறம் என்னக்கா ஆகும்?" என்று கேட்பாள். ஒருநாள் நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாத்துக்கினே இரு, அந்தக் கொழந்தைய அவளே கொன்னுடுவா" என்றேன்.

மறுநாள் காலை செல்வி கதவைத் தட்டி, குழந்தையை என் கையில் திணித்தாள்.

"நீங்களே வெச்சுக்குங்கக்கா. எனக்கும் இவனத் தூக்கவே தோணல. நீங்க சொன்ன மாதிரி ஏதாச்சும் பண்ணிடுவேனோன்னு பயமாயிருக்கு."

உடனே ஆட்டோ பிடித்து இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு மனது இப்படி ஆவதுண்டு, சிகிச்சையில் சரியாகும் என்றார் டாக்டர். சில மாதங்களில் சரியாகவும் ஆனது.

இப்போதெல்லாம் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், குழந்தையைக் கொஞ்சுவதற்கு முன் தாயின் முகத்தைப் பார்த்து, "தூங்குனியாம்மா?" என்று கேட்கிறேன். அத்தனை வாரமும் செல்வி கேட்டது தன்னைப் பற்றித்தான். நான் ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பவில்லை.