கைப்பிடி அரிசி வாங்கப் போனோம்

என் கணவருக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னபோது நான் அழவில்லை. ஆண்டவரோடு சண்டைதான் போட்டேன். எத்தனையோ வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். பிள்ளைகளையும் அதட்டுவேன், அவசரத்தில் ஆண்டவரையும் அதட்டிவிடுவேன்.

அவர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் கப்பலில் என்ன சரக்கு வந்தது என்று காகிதம் பார்க்காமல் சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் குளியலறைக் கதவைத் திறக்கத் தெரியாமல் உள்ளேயே நின்றார். பிறகு வீட்டைவிட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தார். எங்கே போகிறோம் என்று தெரியாது. கேட்டால் தன் பெயரைச் சொல்லத் தெரியாது. மாப்பிள்ளையூரணிப் பக்கம் எங்கள் தெரு முடிகிற இடத்தில் மெயின் ரோடு. உப்பு லாரியும் கண்டெய்னர் லாரியும் ஓயாமல் போகும். நான் கேட்டைப் பூட்டினேன். அவரோடு நானும் உள்ளேயே கிடந்தேன். கோயிலுக்குப் போவதும் நின்றுபோனது. "அவருக்கு ஞாபகத்தைத் திருப்பித் தாரும்" என்பது ஒன்றுதான் என் ஜெபம். ஒரு பதிலும் இல்லை. எனக்கு வாழவே பிடிக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின அந்த லெந்து நாட்களில் எங்கள் சபைப் போதகர் ஐயருடைய மனைவி வீட்டுக்கு வந்தார்கள். ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வேலை கொடுக்க வந்திருந்தார்கள்.

"கைப்பிடி அரிசி வாங்க உங்க பக்கம் ஆள் இல்ல டீச்சர். பத்து வீடுதான். நீங்க செய்ங்களேன்" என்றார்கள்.

சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனி டப்பாவில் ஆண்டவருக்கென்று போட்டுவைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். சனிக்கிழமை ஒருவர் வீடு வீடாகப் போய் வாங்கி வருவார். அது சபையில் ஆதரவில்லாமல் இருக்கும் முதியவர்களுக்குப் போகும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஐயரம்மா, இவியள விட்டுட்டு வாசப்படி தாண்ட முடியாம கெடக்கேன். உங்களுக்கு அரிசி வேணுமாக்கும்?"

"ஏன் விட்டுட்டுப் போறிய? கூட்டிட்டுப் போங்க."

"தெருத் தெருவாவா?"

"பத்து வீடுதான டீச்சர்" என்று மறுபடியும் அதையே சொன்னார்கள்.

அவர்கள் போனபின் காபி டம்ளரை நான் வைத்த வேகத்தில் அது நெளிந்தே போனது. ஒரே ஒரு சனிக்கிழமை போவோம், முடியாது என்பதை எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் கிளம்பினேன். துணிப்பையை அவர் கையில் கொடுத்தேன். முதல் வீட்டு வாசலில் அவர் பையை விரித்துப் பிடித்து நின்றதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு இல்லை. அரிசி விழுந்ததும் சிரித்தார். மாதக்கணக்கில் நான் பார்க்காத சிரிப்பு.

அதன்பின் ஒரு சனிக்கிழமையும் விடவில்லை. வீட்டுக்கு வீடு அவருக்கு நாற்காலி போட்டார்கள், சுக்குக் காப்பி கொடுத்தார்கள். காலையில் சாப்பிட்டதை மறந்துவிடுவார். பையைக் கண்டால் எழுந்து நிற்பார். பத்தாவது வீடு வசந்தா வீடு. அது மட்டும் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே போகும்போது அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை சிலிண்டர் வந்தது. வாங்கி உள்ளே வைத்தேன். கேட்டைப் பூட்ட மறந்துவிட்டேன். கூடத்துக்கு வந்து பார்த்தால் ஆளைக் காணோம்.

செருப்பில்லாமல் தெருவில் ஓடினேன். இரண்டு பக்கமும் யாரும் இல்லை. லாரிச் சத்தம் மட்டும் கேட்கிறது. "ஆண்டவரே, ஞாபகம் வேண்டாம், இனி கேட்கமாட்டேன். ஆளை மட்டும் கொடும்" என்று வாய்விட்டுக் கத்தினேன்.

முதல் வீட்டுக்காரி வெளியே வந்தாள். "என்ன டீச்சர், இன்னைக்கு அண்ணாச்சி மட்டும் வந்தாவ? நீங்க பின்னாடி வாரியன்னு நெனச்சி அரிசி போட்டு அனுப்பிட்டேனே!"

அடுத்த வீட்டுக்கு ஓடினேன். "டப்பாவுல ரெண்டு நாள் அரிசிதான் கெடந்துச்சு, அதப் போட்டேன்" என்றார்கள். அதற்கடுத்த வீட்டில், "செவ்வாக்கிழமையாச்சேன்னு கேட்டேன், சிரிச்சாவ" என்றார்கள். யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஆண்டவருக்கென்று வைத்ததை வாங்க வந்தவரை என்னவென்று நிறுத்துவார்கள்? ஒன்பதாவது வீட்டில், "இப்பத்தான் ரோட்டுப் பக்கம் போனாவ" என்றார்கள்.

ரோட்டுக்கு ஓடினேன். அங்கே அவர் இல்லை. எதிர்ப்பக்கம் வசந்தா தன் வாசலில் நின்று, "டீச்சர், இங்கன இருக்காவ!" என்று கூப்பிட்டாள்.

ரோட்டோரம் பையோடு நின்று, அவள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "ஒரு காலை ரோட்டுல வச்சிட்டாவ. நான் லாரிக்காரனுக்குக் கைய ஆட்டிக்கிட்டே ஓடுனேன்" என்றாள். அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

உள்ளே அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, பையை விரித்து என்னிடம் நீட்டினார்.

"அரிசி போடுங்கம்மா" என்றார்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. நான் அழுதுவிட்டேன். வசந்தா தன் டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தாள். அதை அவர் பையில் போட்டேன். "ஸ்தோத்திரம்" என்று கும்பிட்டார்.

அவருக்கு ஞாபகம் திரும்பவில்லை. இப்போது நடக்கவும் முடியாது. ஆனால் அன்றைக்கு நான் கேட்டதை ஆண்டவர் அப்படியே கொடுத்தார். நான் முறுமுறுத்துக்கொண்டு ஏறிய பத்து வாசல்களிலும் எனக்கு முன்பே ஆட்களை நிறுத்தி வைத்திருந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனைக்கு வருகிறேன். அந்தப் பத்து வீட்டிலிருந்து முறை வைத்து ஒருவர் வந்து அவர் பக்கத்தில் இருக்கிறார்கள்.

கஷ்டம் தீரட்டும், பிறகு ஊழியம் செய்யலாம் என்று இருக்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். நானும் அப்படி இருந்தவள்தான். ஆண்டவர் கூப்பிடும்போது உங்கள் கஷ்டத்தோடேயே வாருங்கள், அவர் கைவிடமாட்டார். நோயாளியை வைத்துக்கொண்டு தனியாகக் கிடக்கிறவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். சனிக்கிழமை நான் வருகிறேன்.