கடன் வாங்கிய காசில் தசமபாகம்

கண்ணாடிக்கு அடியில்

நான் எண்ணிக் கொடுத்த நோட்டுகளில் பத்தில் ஒரு பங்கைப் பிரித்து, எஸ்தர் அக்கா கண்ணாடிக்கு அடியிலிருந்த இடைவெளி வழியாக என் பக்கமே திருப்பித் தள்ளினார். நான் கையை இழுத்துக்கொண்டேன். தலைக்கு மேலே கமெரா இருக்கிறது. அடகுக் கவுண்டரில் உட்காருபவன் வாடிக்கையாளரிடமிருந்து வாங்கக்கூடியவை நகை, அடையாள அட்டை, வசவு ஆகிய மூன்று மட்டுமே. இதே நாற்காலியில் தேய்ந்துகொண்டிருக்கும் சகோதர சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

“என்னக்கா இது, எடுங்க மொதல்ல” என்றேன்.

“ஒங்களுக்கில்ல தம்பி, பயப்படாதீங்க. தசமபாகம். நீங்கதான சேர்ச்சுல பொருளாளர்? ஞாயித்துக்கெழம வரைக்கும் வீட்டுல வச்சிருந்தா செலவாயிரும். இப்பவே புடிச்சிக்கங்க.”

அவர் சொன்னது சரிதான். கிழமை நாட்களில் நான் நோர்வூட்டில் ஒரு நிதிக் கம்பனியின் அடகுப் பிரிவில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைவீதிக்கு மேலே, மேட்டில் இருக்கும் எங்கள் சிறிய சபைக்குப் பொருளாளர். அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அவர் கணவர் அருள்நாதன் அண்ணன் சபையின் மூப்பர். மகள் கிறேஸ் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டாள். விடுதிக்கும் பிரயாணத்துக்கும் காசு வேண்டும் என்று அக்கா அடகு வைத்தது சிலுவை பொறித்த தன் தாலியை. ஒரு வருடத்துக்குள் வட்டியைக் கட்டினால் புதுப்பித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் தாலி ஏலத்துக்குப் போய்விடும். அதற்குப் பதிலாகக் கழுத்தில் போட ஒரு கவரிங் சங்கிலியைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

இது கடன், வருமானமல்ல, கடனுக்குத் தசமபாகம் கிடையாது என்று என்னால் முடிந்தவரை எடுத்துச் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “கைக்கு வந்தா வரவுதான் தம்பி. குடுக்குறது கர்த்தர். வட்டி போடுறது மட்டுந்தான் ஒங்க கம்பனி.”

போதகரின் கழித்தல்

கவுண்டரில் வாங்க மறுத்ததால் அவர் அதை ஞாயிற்றுக்கிழமை உறையில் போட்டுக்கொண்டு வந்தார். காணிக்கைப் பையைக் கொட்டியபோது நான் கொடுத்த அதே நோட்டுகள் வெளியே விழுந்தன. மூலையில் ஒட்டுப்போட்ட ஒன்று, யாரும் வாங்காமல் பல நாளாக என் மேசை லாச்சியில் கிடந்தது, அதுவும் வந்திருந்தது. கம்பனிக் காசு நகரத்தில் கிளம்பி, மேடேறி, மறுபடியும் என் கைக்கே வந்துவிட்டது. வட்டி மட்டும் அக்காவோடு தங்கிவிட்டது.

இந்தக் காசைச் சபை வைத்துக்கொள்ளலாமா என்று போதகரிடம் கேட்டேன். போதகர் நல்லவர். எதற்கும் உடனே பதில் சொல்லமாட்டார். அடுத்த ஞாயிறு வரை யோசித்தார். அவருடைய முச்சக்கர வண்டி லீசிங்கில் ஓடுகிறது. காணிக்கை குறைந்தால் அதன் தவணை நிற்கும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினோம்.

“கடன் வாங்கினது விசுவாசத்துல குறைவு, பிரதர். அதுலயும் தசமபாகம் குடுத்தது விசுவாசத்துல கூடுதல். ரெண்டையும் கழிச்சுப் பாருங்க, சரியா வருது.”

செலவைக் குறைத்தல்

அந்தக் கழித்தலுக்குப் பிறகு போதகருக்குச் சபையாரின் பொருளாதாரத்தில் அக்கறை வந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் குடும்ப வரவு செலவு பற்றி ஒரு வகுப்பு. நடத்த வேண்டியது நான். ஊர் நகையையெல்லாம் அடகு எடுக்கிறவன் எழுந்து நின்று சேமிப்பைப் பற்றிப் பேசினால் முகங்கள் எப்படி இருக்கும் என்று தொழிலில் இருப்பவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். முன் வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் கம்மலை முந்தானையால் மறைத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒரு செலவை நிறுத்துங்கள், அந்தக் காசைத் தனியாகச் சேருங்கள் என்றேன். மூப்பர் என்ற முறையில் அருள்நாதன் அண்ணன் முதலில் எழுந்தார். “எங்க வீட்டுல இவ பால்மாவ விட்டுர்றா” என்றார். “அவரு வெத்தலய விட்டா நான் பால்மாவ விடுறேன்” என்றார் அக்கா, இருந்த இடத்திலிருந்தே. சபைக்கு முன்னால் அவர்கள் பேரம் பேசினார்கள். கடைசியில் இரண்டையும் பாதியாகக் குறைத்து, மிச்சத்தை ஒரு பிஸ்கட் டின்னில் போடுவதென்று தீர்மானமாயிற்று. எதற்கு என்று அவர்கள் சொல்லவில்லை. தாலிக்கு என்பது அந்த மண்டபத்தில் எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு யார் எதை நிறுத்தப்போகிறீர்கள் என்று உற்சாகமாகக் கேட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு அம்மா கையைத் தூக்கினார். “எங்க வீட்டுல பெரிய செலவே கடன் கட்டுறதுதான் தம்பி. அதத்தான் நிப்பாட்டலாம்னு இருக்கோம்.”

புதன்கிழமை ஜெபம்

அக்காவின் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு சிறுகடன் வாங்கியிருந்தார்கள். தவணை வசூலிக்க ஒருவர் புதன்கிழமை மாலை, கொழுந்து நிறுத்து முடியும் நேரத்துக்கு மோட்டார் சைக்கிளில் வருவார். வட்டகொடைப் பக்கத்து ஆள். நெற்றியில் திருநீறு, மிகவும் மரியாதையானவர். பெண்கள் புதன்கிழமை மாலையில் உபவாச ஜெபம் தொடங்கினார்கள். ஜெபத்தின் நடுவில் யாரும் காசு கேட்க முடியாது. ஜெபமோ அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பும் சத்தம் கேட்கும் வரை முடியாது.

முதலில் அவர் வெளியே நின்றார். மழை பிடித்ததும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். சில வாரங்களில் பாட்டெல்லாம் அவருக்குப் பாடமாகிவிட்டது. இரண்டாவது சரணத்தில் யாராவது தடுமாறினால் அவர்தான் அடியெடுத்துக் கொடுப்பார். அறுப்பின் பண்டிகைக்குக் காய்கறி கேட்டு நான் போன மாலையும் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. அவர் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். அன்று ஜெபம் முடிந்தபோது அக்காவால் தப்ப முடியவில்லை. பிஸ்கட் டின்னைத் திறந்துதான் தவணையைக் கொடுத்தார். மூடியபோது டின் கனமில்லாத சத்தம் போட்டது.

அதற்கு முன்பே, எல்லோரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில், தவணைக்காரர் சக தொழிலாளிக்குச் சொல்வதுபோல என் காதில் சொல்லியிருந்தார்: “நீங்களும் கலெக்சனுக்கா அண்ணே? கடைசிப் பாட்டு வரைக்கும் இருங்க. இவங்க கண்ணத் தொறக்குறப்ப நேரா முன்னுக்கு நின்னாத்தான் எதாச்சும் கெடைக்கும்.”

பூசணிக்காய்

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகையன்று அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனைக்குப் பிறகு அதை ஏலம் போட்டு, காசைச் சபைக்குச் சேர்ப்போம். எடுத்தவர் உடனே காசு கட்ட வேண்டியதில்லை, கிறிஸ்மஸுக்குள் கட்டினால் போதும். இந்தச் சலுகையால் அன்று ஒரு நாள் மட்டும் லயத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பெரும் பணக்காரர்கள். கம்பனியில் ஏலத்தைப் பார்த்துப் பழகியவன் என்பதால் என்னை ஏலம் கூற நிறுத்தினார்கள்.

அருள்நாதன் அண்ணன் லயத்துக்குப் பின்னால் தானே வளர்த்த ஒரு பெரிய பூசணிக்காயைக் கொண்டுவந்திருந்தார். கடைவீதியில் பலசரக்குக்கடை வைத்திருக்கும், ஊரே நானா என்று கூப்பிடும் முதலாளி வருடாவருடம் எங்கள் ஏலத்துக்கு வருவார். முஸ்லிம் ஆனாலும் சபைக் கூரைக்குத் தகரம் கடனாகக் கொடுத்தவர் என்று முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. அவர் பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துவிட்டு, கடை விலைக்குக் கேட்டார். தன் காயைத் தட்டிப் பார்த்ததே அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. விலை அதைவிட அவமானமாக இருந்தது. தானே எழுந்து கூட்டிக் கேட்டார். நானா சிரித்துக்கொண்டே கொஞ்சம் கூட்டினார். அண்ணன் நிறையக் கூட்டினார். தாலிக்குக் கட்ட வேண்டிய வட்டி எவ்வளவு என்று எனக்குத் தெரியும். பூசணிக்காய் அதை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

விலை குறைவாகப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஏலம் கூறியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நானா கேட்ட விலைக்கு “ஒருதரம் ரெண்டுதரம்” என்று மூச்சு விடாமல் சொன்னேன். மூன்றாந்தரத்துக்கு வாயைத் திறப்பதற்குள் அண்ணன் மறுபடி கையைத் தூக்கினார். பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. நானா கையெடுத்துக் கும்பிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். சபை கைதட்டியது. அண்ணன் தான் கொண்டுவந்த பூசணிக்காயைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

போகும்போது நானா என்னிடம் சொன்னார்: “இத்தன வருசம் கட வச்சிருக்கேன் தம்பி. கொண்டாந்தவனே கூடுன வெலைக்கு வாங்கிட்டுப் போறத இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

இரண்டு வேடம்

அதன் பிறகு நான் ஒரே வீட்டுக்கு இரண்டு கடன்காரன். தாலியின் கெடு நெருங்குகிறது, ஆளை நேரில் பார்த்து ஞாபகப்படுத்து என்று மெனேஜர் சொன்னார். பூசணிக்காய்ப் பாக்கியை மூப்பரிடம் மெதுவாகக் கேட்டுவைக்கச் சொல்லிச் சபைக் குழு தீர்மானம் போட்டது. ஒரே பஸ் செலவில் இரண்டையும் முடிக்கலாம் என்று ஒரு மாலை லயத்துக்கு ஏறினேன். பஸ் செலவை யாரிடம் கேட்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

அருள்நாதன் அண்ணன் வாசலில் நின்றிருந்தார். என் கையிலிருந்த பையைப் பார்த்தார். கம்பனிப் பைதான், ஆனால் உள்ளே சபை ரசீதுப் புத்தகமும் இருந்தது. அவருக்குப் பின்னால், அடுப்படியில் எஸ்தர் அக்கா குனிந்து ஊதிக்கொண்டிருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் பார்ப்பது அண்ணனுக்கும் தெரிந்தது.

“வாங்க தம்பி. இன்னிக்கு எந்த ஆளா வந்திருக்கீங்க? சேர்ச்சு ஆளுன்னா உள்ளுக்கு வந்து உக்காருங்க, இவ தேத்தண்ணி ஊத்துறா. கம்பனி ஆளுன்னா, இவ வீட்டுல இல்ல.”

கடைசி நாள்

கெடு முடியும் வெள்ளிக்கிழமை விடாமல் மழை. வரிசை கதவு வரை நின்றது. ஏலத்துக்கு அனுப்ப வேண்டிய நகைப் பைகளை மெனேஜர் காலையிலேயே ஒரு தட்டில் பிரித்து வைத்துவிட்டார். எஸ்தர் அக்காவின் பை அதில் மேலாக இருந்தது. நான் வேலை செய்துகொண்டே கதவைப் பார்த்தேன்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் அக்கா வந்தார், இடுப்பில் சுற்றிக் கட்டிய கொழுந்துப் படங்குத் துணி நனைந்தபடி. கண்ணாடிக்கு அடியில் மூன்று உறைகளைத் தள்ளினார். மூன்றிலும் சபையின் பெயர்.

“இது சேர்ச்சுக் கவர் அக்கா.”

“ஆமா.”

“தசமபாகக் கவர். ஞாயித்துக்கெழம நான் வாங்க வேண்டியது.”

“வட்டிக்குச் சரியா இருக்கான்னு எண்ணுங்க தம்பி. மூணு மாசத்துது.”

எண்ணினேன். சரியாக இருந்தது. ரசீதைக் கிழிக்கத் தயங்கினேன். பின்னால் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா குரலைத் தாழ்த்தவில்லை.

“கர்த்தர்ட்ட பேசிட்டேன். மூணு மாசம் பொறுத்துக்கிறேன்னாரு. ஒங்க மெனேஜர்ட்டயும் போன்ல பேசிப் பாத்தேன். அவரு பொறுக்கமாட்டேன்னுட்டாரு. அதான் அவருக்கு மொதல்ல கட்டுறேன்.”

முத்திரை குத்தி, தட்டிலிருந்து அவருடைய பையை எடுத்தேன். கம்பனிக்கு வந்தது சபைக்கு வரவில்லை. இரண்டு பக்கமும் நானே இருந்ததால் யாரிடமும் முறையிட வழியில்லை.

“ஒருக்கா பாக்கலாமா தம்பி?” என்றார் அக்கா.

முழுக்கடனும் தீராமல் நகையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விடக்கூடாது. நான் கமெராவைப் பார்த்தேன். பிறகு பையைப் பிரித்துத் தாலியை இடைவெளி வழியாகத் தள்ளினேன். அக்கா கவரிங் சங்கிலியைத் தலைவழியாகக் கழற்றி மேசையில் வைத்தார். தாலியைப் போட்டு, சுவெட்டருக்குள் விட்டு, மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டார். அப்படியே நின்று கண்ணை மூடினார்.

பொருளைக் கொடுத்துவிட்டு அது திரும்பி வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பது அடகுத் தொழிலில் எப்போதும் கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்களின் வேலை, அன்றைக்கு மட்டும் அது என் வேலையாயிற்று.

வரிசையில் அடுத்து நின்ற சிங்களப் பெரியவர் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அக்கா கண்ணைத் திறந்து, தாலியைக் கழற்றி என் பக்கம் தள்ளி, கவரிங்கைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிய பிறகு, தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு தன் மோதிரத்தைத் திருகத் தொடங்கினார்.