முப்பத்தெட்டு மில்லிகிராம்

தராசு ரிப்பேர் செய்யும் அந்த மனுஷரைக் கடைத்தெருவில் எல்லோரும் தராசுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தத் தராசையும் அவர் லேசில் நம்பமாட்டார். சரியான எடைக்கல்லை மூன்று தடவை வைத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். மனுஷர்கள் விஷயத்தில் மட்டும் அந்தப் பொறுமை கிடையாது. பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவார், அதுவும் தப்பாக.

அறுபத்து மூன்று வயதில் அவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. ஸ்குரூ டிரைவரும் கையுமாக இருந்தவர், தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறிக்கொண்டு தரையில் சுருண்டார். பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, கடை திறந்து கிடக்கிறது என்று ஓடிவிட்டார்.

ஊசி போட வந்த நர்ஸ் ஆறுதலாகப் பேசினாள். "பிரசவ வலிக்கு அடுத்தது இதுதான்னு சொல்வாங்க ஐயா. சில பேரு, அதையும் மிஞ்சினதும்பாங்க."

"யாரு சொன்னா?"

"ரெண்டையும் பட்டவங்கதான். எனக்கு ரெண்டுமே தெரியாது."

ரெண்டையும் பட்டவள் ஒருத்தி அவர் வீட்டிலேயே இருந்தாள். நாலு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் பிறந்து எட்டு வருஷம் கழித்து அவர் மனைவிக்கும் இதே கல் வந்தது. சமையலறைத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே, "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா? தண்ணி நிறையக் குடி" என்று சொல்லிவிட்டு இவர் வேலைக்குக் கிளம்பினார்.

கல் விழுந்த அன்று அவள் அதைத் தீப்பெட்டியில் போட்டுக் கடைக்கே கொண்டுவந்தாள். "எவ்வளவு இருக்குன்னு வெச்சுப் பாருங்களேன்" என்றாள்.

"மண்ணை எடை போடவா தராசு வெச்சிருக்கேன்?" என்று இவர் சிரிக்க, நின்றிருந்த வாடிக்கையாளரும் சேர்ந்து சிரித்தார். அவள் தீப்பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கல் என்ன ஆயிற்று என்று இவர் கேட்டதே இல்லை.

அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் இந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. கேட்க வேண்டியவளிடம் இனிக் கேட்க முடியாது.

கல் தானாக விழுந்துவிடும், வடிகட்டியில் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். ஆளில்லாத வீடு. மூன்றாம் நாள் வலி மறுபடி வந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் கல் விழுந்தது. நேரே கடைக்குப் போய், நகைக்கடைகளுக்கான தராசில் மூன்று தடவை வைத்துப் பார்த்தார். மூன்று தடவையும் முப்பத்தெட்டு மில்லிகிராம். எட்டிப் பார்த்த பூட்டுக்கடைக்காரர், "இத்தனூண்டுக்கா அண்ணே அந்தக் கூப்பாடு?" என்று சிரித்துவிட்டுப் போனார். தராசுக்காரருக்குச் சுருக்கென்றது.

தூரத்து ஊரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டார். நலம் விசாரித்து முடித்ததும், "உங்கம்மா எப்பவாவது சொல்லியிருக்காளா? ரெண்டுல எது பெரிய வலின்னு?" என்று கேட்டார்.

"நான் மாசமா இருந்தப்ப பயந்துபோய்க் கேட்டேன்ப்பா. கல்லுதான்னு சொன்னா."

"அவ்வளவு வலியா?"

"வலி ரெண்டும் ஒண்ணுதானாம். நான் பொறந்தப்ப நீங்க ரெண்டு நாள் கடையைப் பூட்டிட்டு வார்டு வாசல்லயே உட்கார்ந்திருந்தீங்களாமே. வெளியில உங்களுக்குக் கேக்கும்னு நல்லாக் கத்தினேன்னு சொன்னா. கல்லுக்குக் கத்தவே இல்லையாம்."

"ஏன்?"

"வீட்ல யாருப்பா இருந்தா?"

போனை வைத்தார். தராசில் முப்பத்தெட்டு அப்படியே நின்றது. மூன்றாம் நாள் அத்தனை வலியிலும் தானும் கத்தவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.